சிலுவார் பாக்கெட்டுக்கு ஒரு சிறிய கைத்துப்பாக்கி: மலேசிய உரிமதாரருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒருவர் மூன்று துப்பாக்கி வாங்கி, மாற்றி மாற்றிச் சுமந்து பார்த்து, ஒத்துவராத இரண்டை விற்றுவிட்டுப் போகலாம். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி அந்த வசதியை மனதில் வைத்து எழுதப்பட்டது. நமக்கு அது பொருந்தாது. மலேசியாவில் லைசன்ஸ் ஆளை மட்டும் பார்த்துத் தரப்படுவதில்லை. எந்த ஆயுதம், எத்தனை தோட்டா என்பதும் அதில் அடங்கும். வாங்கியது கைக்கு ஒத்துவரவில்லை என்றால் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் காத்திருப்பு. ஆகவே முதல் தேர்விலேயே சரியாக அமைய வேண்டும். அதற்குத் துப்பாக்கியிலிருந்து தொடங்கக் கூடாது. பாக்கெட்டை அளந்து, துப்பாக்கியை வைக்கும் உறையை முடிவு செய்து, சுட விரலால் இழுக்கும் விசையைப் பார்த்து, கடைசியில்தான் மாடலுக்கு வர வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சட்டம் முதலில்

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் தரும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் இருக்கிறது. மீறினால் அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டு துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். “அப்பாவுடைய துப்பாக்கி, வீட்டில் சும்மா கிடந்தது” என்ற விளக்கம் எங்கும் எடுபடாது. உரிமதாரர் இறந்துவிட்டால் குடும்பத்தார் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

கேட்டவுடன் கிடைக்கும் லைசன்ஸ் அல்ல இது. தேவையைக் காட்ட வேண்டும். நகை, நாணயமாற்று, ரொக்கம் புழங்கும் தொழில் போன்றவற்றில் இருப்பவர்கள்தான் வழக்கமாக விண்ணப்பிக்கிறார்கள். கிடைத்த பிறகு அதில் உள்ள நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். கடையில் மட்டும் வைத்திருக்கலாமா, உடம்பில் வைத்து வெளியே போகலாமா, எத்தனை தோட்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். புரியாத வரி இருந்தால் உரிமம் கொடுத்த பிரிவில் போய்க் கேளுங்கள், நண்பரிடம் கேட்காதீர்கள். இந்த வழிகாட்டி சுமக்க அனுமதி உள்ளவருக்கு மட்டும்.

சுடுவதற்கான உரிமை தனி விஷயம். குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றிப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகத் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்று 99-ஆவது பிரிவு சொல்கிறது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுட்டுவிட்டு இந்தப் பிரிவுகளுக்குள் நுழைய முடியும் என்று நினைக்காதீர்கள். பார்க்கிங் தகராறில் எடுத்துக் காட்டி மிரட்டினால் குற்றவாளி நீங்கள்தான்.

பாக்கெட்டை அளப்பது

இதற்கு ஒரு அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலும் போதும். அளவு பார்க்கிறேன் என்று இணையத்தில் பொம்மைத் துப்பாக்கியோ ஏர்சாஃப்ட்டோ வாங்காதீர்கள். போலித் துப்பாக்கிகளும் ஆயுதச் சட்டத்துக்குள் வருபவைதான்.

அட்டையில் மூன்று செவ்வகம் வெட்டுங்கள். முதலாவது 131 × 91 மி.மீ.: ரூகர் எல்.சி.பி.யின் அளவு. இரண்டாவது 151 × 105 மி.மீ.: குளோக் 42. மூன்றாவது 160 × 110 மி.மீ.: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற இரண்டு அங்குலக் குழல் ரிவால்வர். எல்.சி.பி. அட்டைக்கு 21 மி.மீ. கனம் வரும் வரை அடுக்கி ஒட்டுங்கள், குளோக்குக்கு 25 மி.மீ. ரிவால்வருக்குச் சுழல் உருளை வரும் இடத்தில் மட்டும் 33 மி.மீ. வேண்டும். மேலே இரண்டு சுற்றுத் தடித்த துணி சுற்றுங்கள். அது உறையின் கணக்கு.

இப்போது நீங்கள் உண்மையிலேயே வேலைக்கு உடுத்தும் சிலுவார்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் அணிவதில் பார்க்க வேண்டும்; தீபாவளிக்கு எடுத்ததில் அல்ல. நான்கு விஷயம் கவனியுங்கள்.

பாக்கெட்டின் அடியில் அட்டை உட்கார்ந்ததும் அதன் மேல்விளிம்பு பாக்கெட் வாயிலிருந்து 2 முதல் 3 செ.மீ. கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே வந்தால் உட்காரும்போது பிடி வெளியே எட்டிப்பார்க்கும். 6 செ.மீ.க்குக் கீழே போனால் விரல் பிடியைத் தேடி அலையும்.

வாய் அகலம். வெறும் கை உள்ளே போவது ஒரு கணக்கே அல்ல. துப்பாக்கியைப் பிடித்த கை வெளியே வர வேண்டும். பெரும்பாலான ஜீன்ஸ்களில் பாக்கெட் வாய் கிடைமட்டமாக, இறுக்கமாக இருக்கும். கை உள்ளே போய் முஷ்டியோடு சிக்கிக்கொள்ளும். அலுவலகச் சிலுவாரில் சாய்வாக வெட்டிய வாய்தான் இதற்கு நல்லது.

துணி. மெல்லிய பாலியெஸ்டர் உள்பை மூன்று மாதம் தாங்காது. குழல் முனை அதில் ஓட்டை போடும். தையல்காரரிடம் கொடுத்து உள்பையை மட்டும் கனமான பருத்தித் துணியில் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் வாயை 2 செ.மீ. அகலப்படுத்தி, இரு முனையிலும் அழுத்தமான தையல் போடச் சொல்லலாம். எதற்கு என்று அவரிடம் விளக்க வேண்டியதில்லை. “பெரிய போன்” என்றால் போதும்.

நான்காவது, உருவம் தெரிகிறதா என்பது. கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. மாமாக் கடை நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, எழுந்து, குனிந்து பாருங்கள். மெல்லிய வெளிர் துணியில் எந்தத் துப்பாக்கியும் மறையாது. கருநீலம், கருப்பு, கொஞ்சம் கனத்த துணி, தொடையில் சற்றுத் தளர்வு இருந்தால் குளோக் 42 வரை மறையும்.

எடையைச் சோதிக்க, ஒரு பிளாஸ்டிக் பையில் 350 கிராம் அரிசி கட்டி ஒரு முழு நாள் பாக்கெட்டில் போட்டுத் திரியுங்கள். அடுத்த நாள் 500 கிராம், அதற்கடுத்த நாள் 650. முதலாவது தோட்டா நிரப்பிய எல்.சி.பி., இரண்டாவது நிரப்பிய 642, மூன்றாவது நிரப்பிய சிக் பி365 எனும் சற்றுப் பெரிய பிஸ்டல். நல்ல இடைவார் இருந்தாலும் 500 கிராமுக்கு மேல் போனால் சிலுவார் ஒரு பக்கம் இறங்கும். மாலைக்குள் பத்து முறை தூக்கிவிடுவீர்கள். அப்படித் தூக்கிவிடும் அசைவுதான் துப்பாக்கி இருப்பதை ஊருக்கே சொல்லும். 650 கிராம் தாங்குகிறவர் இடுப்பு உறைக்குப் போகலாம், பாக்கெட் அவருக்குத் தேவையில்லை.

பை, கைப்பை, சிலிங் பேக் எதுவும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறிப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டு. பணப்பை போனால் பணம்தான் போகும். துப்பாக்கி இருந்த பை போனால் அது யார் கையில் என்ன செய்யுமோ என்ற பொறுப்பும் விசாரணையும் உங்கள் தலையில்.

உறை இல்லாமல் பாக்கெட்டில் போடவே கூடாது

இதில் விதிவிலக்கு கிடையாது. உறையில்லாத துப்பாக்கி பாக்கெட்டுக்குள் திரும்பும், தலைகீழாகும், குப்பையை அள்ளும். எல்லாவற்றையும் விட, விசை திறந்து கிடக்கும். ஒரு சாவி, விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக் காப்புக்குள் நுழைய ஒரு நொடி போதும், சுட்டுக்கொள்வது உங்கள் தொடையைத்தான். தொடைத் தமனி அறுந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரத்தம் போய்விடும்.

நல்ல பாக்கெட் உறை மூன்று வேலை செய்ய வேண்டும். விசைக் காப்பை முழுவதும், வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலும் விசையை எட்ட முடியாதபடி மூட வேண்டும். துப்பாக்கியை எப்போதும் பிடி மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். எடுக்கும்போது பாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிட வேண்டும். இந்த மூன்றாவதில்தான் மலிவு உறைகள் தோற்கின்றன: துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து வெளியே வந்து, குழலில் மாட்டிய காலுறைபோலத் தொங்கும். ஒட்டும் தன்மையுள்ள வெளிப்பரப்போ, பாக்கெட் ஓரத்தில் மாட்டும் கொக்கி வடிவமோ இருந்தால் இது நடக்காது. டிசாண்டிஸ் நெமிசிஸ் வகை உறைகள் ஒட்டும் பரப்பில் பேர் வாங்கியவை. கைடெக்ஸ் எனும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை கொக்கி வடிவத்தில் வரும். விசையை அதுபோல் வேறெதுவும் மூடாது, ஆனால் கனம் கூடும், மெல்லிய துணியில் விளிம்பு தெரியும். தோல் உறை பார்க்க அழகு, உருவத்தை நன்றாக மறைக்கும். நம் வியர்வையில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் துருப்பிடிக்க வைக்கும். கோலாலம்பூருக்குத் தோலைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

துப்பாக்கி இருக்கும் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சில்லறை, வீட்டுச் சாவி, டச் அண்ட் கோ அட்டை, மடித்த ரசீது எல்லாம் மறுபக்கம் போகட்டும். வலக்கைக்காரர் போனையும் இடது பக்கம் பழக வேண்டும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும்.

உறைக்குள் திரும்ப வைக்கும் முறைதான் அடிக்கடி தவறாகச் செய்யப்படுவது. பாக்கெட்டுக்குள் உறை இருக்கும்போது துப்பாக்கியை உள்ளே செருகக் கூடாது. துணி மடிப்பு விசையில் மாட்டலாம், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. உறையை வெளியே எடுங்கள், குழல் சுவர்ப் பக்கமோ தரைப் பக்கமோ இருக்கத் துப்பாக்கியை அதில் பொருத்துங்கள், விசை மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் இறக்குங்கள்.

விசையும் அதன் எடையும்

பாக்கெட்டுக்கு நீளமான, கொஞ்சம் கனத்த விசை நல்லது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்.சி.ஆர். போன்ற வெளிச்சுத்தியல் இல்லாத ரிவால்வர்களில் ஒவ்வொரு தடவையும் விசையை முழு நீளம் இழுக்க வேண்டும். ஐந்து கிலோ அளவு எடை. தவறுதலாக அழுந்துவது கடினம். அதே காரணத்தால் குறிவைத்துச் சுடுவதும் கடினம், அதற்குப் பயிற்சி தேவை. குளோக் 42-இல் இழுப்பு 2.5 கிலோ அளவு, தூரமும் குறைவு. உறை விசையை முழுவதும் மூடினால் மட்டுமே அது பாக்கெட்டுக்குச் சரி.

பழைய மாடல்களில் எச்சரிக்கை. பழைய 6.35 மி.மீ. சிறு பிஸ்டல்கள் பலவற்றில் சுடும் ஊசியைத் தடுத்து வைக்கும் பூட்டு இல்லை. கீழே விழுந்தால் வெடிக்கலாம். பரம்பரையாக வந்ததோ, மலிவாகக் கிடைத்ததோ, சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியில், தோட்டாவோடு அதைச் சுமக்கக் கூடாது.

சேம்பரைக் காலியாக வைத்துச் சுமக்கலாமா என்று பலர் கேட்பார்கள். சட்டமோ மனமோ அதைக் கேட்டால் செய்யுங்கள், ஆனால் என்ன இழக்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தை, இழுத்துத் தோட்டாவைச் சேம்பரில் ஏற்ற முடியும். சிறிய பிஸ்டலின் ஸ்லைடு பிடிக்க வழுக்கும், வியர்த்த கையில் இன்னும் மோசம். ஒரு கையால் மகளைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போது அது வெறும் இரும்புதான். அப்படித்தான் சுமக்கப் போகிறீர்கள் என்றால் ரிவால்வரை எடுங்கள். அதில் இந்தக் கேள்வியே எழாது.

தோட்டா

பாக்கெட் அளவில் நான்கு வகைதான் பேச வேண்டியது. 7.65 மி.மீ. எனப்படும் .32 ஏ.சி.பி. 1899-இலிருந்தும், 9 × 17 மி.மீ. எனப்படும் .380 ஏ.சி.பி. 1908-இலிருந்தும் இருப்பவை, இரண்டும் ஜான் பிரௌனிங் வடிவமைத்தவை. மற்றவை .38 ஸ்பெஷலும் 9 × 19 பாராபெல்லமும். 9 × 17-உம் 9 × 19-உம் ஒன்றல்ல. பெட்டியில் “9 மி.மீ.” என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்; லைசன்ஸில் எழுதியதும் பெட்டியில் அச்சிட்டதும் குழலில் பொறித்ததும் ஒரே பெயராக இருக்க வேண்டும்.

சிறிய குழலில் .380-இன் விரியும் முனைத் தோட்டா (பட்டதும் முனை விரியும் வகை) ஒன்று விரிந்து ஆழம் குறைந்து நிற்கும், அல்லது விரியாமலே ஆழமாகப் போகும். உடல் தசைக்குப் பதிலாகச் சுட்டுச் சோதிக்கும் ஜெலட்டினில் அமெரிக்க எஃப்.பி.ஐ. எதிர்பார்க்கும் ஆழம் 12 முதல் 18 அங்குலம். இந்த அளவில் அதையும் விரிவையும் ஒன்றாகப் பெறுவது எளிதல்ல. முனை முழுவதும் உலோகத்தால் மூடிய, விரியாத தோட்டாவோ விரியும் முனையோ, உங்கள் துப்பாக்கியில் தடையில்லாமல் ஓடுவதும் லைசன்ஸும் வியாபாரியின் கையிருப்பும் அனுமதிப்பதும்தான் உங்கள் தோட்டா.

.32-இல் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் அடிவிளிம்பு சற்று வெளியே நீட்டியிருக்கும். பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் மேகசின் அப்படியே பூட்டிக்கொள்ளும், தட்டினாலும் சரியாகாது. நீளம் குறைந்த விரியும் முனைத் தோட்டாக்களில் இது அதிகம். நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே இருப்பதன் முன்னால் உட்காருகிறதா என்று பார்த்து நிரப்புங்கள்.

பயிற்சியில் தெரியவரும் இன்னொன்று: துப்பாக்கி சிறுத்தால் உதைப்பு குறைவதில்லை, கூடும். 272 கிராம் எல்.சி.பி.யில் .380 சுட்டால், அரைக் கிலோ பி365-இல் 9 × 19 சுடுவதை விட உள்ளங்கை சீக்கிரம் வலிக்கும் என்பதே பலரின் அனுபவம். வலிக்கிற துப்பாக்கியோடு யாரும் பயிற்சிக்குப் போக மாட்டார்கள்.

எந்த மாடல்

கடையில் உள்ளதுதான் உங்கள் பட்டியல், ஆகவே வகையைச் சொல்வதே பயன்.

மிகச் சிறியவற்றில் ரூகர் எல்.சி.பி. (2008 முதல்) 6 + 1 தோட்டா கொள்ளும்: மேகசினில் ஆறு, சேம்பரில் ஒன்று. பெரும்பாலான சிலுவார்களில் மறையும். குறி பார்க்கும் மேடு மிகச் சிறியது, விசை நீளம், சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லை. 2021-இல் வந்த எல்.சி.பி. மேக்ஸ் 10 + 1 கொள்ளும், சுமார் 300 கிராம். பார்வைக் குறிகள் முந்தையதை விட எவ்வளவோ மேல். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் மேக்ஸ்தான்.

குளோக் 42 (2014 முதல்) ஒரு படி பெரியது, 6 + 1, காலி மேகசினோடு 390 கிராம். .380-ஐ இவ்வளவு மென்மையாகச் சுடும் பாக்கெட் பிஸ்டல் வேறில்லை என்றே சொல்வோம். பாக்கெட் அட்டைச் சோதனையில் இரண்டாவது அட்டை சரியாக உட்கார்ந்தவர் இதற்கு மேல் தேடவே வேண்டாம்.

வால்தர் பி.பி.கே. 1931-இலிருந்து வருவது, அழகு. அதன் குழல் நகராமல் பொருந்தியது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஆகவே ஸ்பிரிங் கடினம், உதைப்பு கூர்மை, பெரிய கையாக இருந்தால் கட்டைவிரல் இடுக்கைக் கடிக்கும். அரைக் கிலோவுக்கு மேல் எஃகு. கைவலி உள்ள, ஸ்லைடு இழுக்க முடியாத பெரியவர்களுக்கு இதை விட பெரெட்டா 3032 டாம்கேட் பொருத்தம்: நெம்புகோலைத் தட்டினால் குழலின் பின்முனை மேலே தூக்கிக்கொள்ளும், தோட்டாவை நேராகச் சேம்பரில் வைத்து மூடலாம்.

ரிவால்வரில் 642, எல்.சி.ஆர். இரண்டும் ஐந்து தோட்டா. பாக்கெட் பஞ்சும் தூசியும் அவற்றை எளிதில் நிறுத்தாது. உருளை தடிப்பாக இருப்பதால் மெல்லிய சிலுவாரில் உருவம் தெரியும். குளிர்கோட்டுப் பாக்கெட்டுக்குள்ளிருந்தபடியே சுடலாம் என்று அமெரிக்கர்கள் இதைப் புகழ்வார்கள். 33 டிகிரி வெயிலில் கோட்டுப் போடுபவர் இங்கே யார்?

கடையில் கையில் எடுக்கும்போது

முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் காலி என்று உறுதிசெய்யுங்கள், வியாபாரி செய்து காட்டியிருந்தாலும். பிறகு பிடியுங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் முழுவதும் பிடியில் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை விசையில் படுகிறதா, விரல் நீட்டாமல் எட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்லைடை ஐந்து முறை வேகமாக இழுங்கள். ஐந்தாவது முறை கஷ்டமாக இருந்தால், நெஞ்சு படபடக்கும் நேரத்தில் முடியவே முடியாது. மேகசின் விடுவிக்கும் பொத்தான் துருத்திக்கொண்டிருந்தால் பாக்கெட்டில் தானாக அழுந்தி மேகசின் நழுவும். உறையோடு போட்டு மேலே அழுத்திப் பாருங்கள்.

சுட்டுப் பார்ப்பது

அனுமதி பெற்ற சுடுதளத்தில், லைசன்ஸ் அளவுக்குள். மொத்தம் 200 தோட்டா சுடாமல் ஒரு பாக்கெட் பிஸ்டலை நம்பக் கூடாது. அதில் குறைந்தது 40 நீங்கள் சுமக்கப் போகும் அதே தோட்டாவாக இருக்கட்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. சிக்கினால் எப்படிச் சிக்கியது என்று எழுதிவையுங்கள். சுட்டபின் எஞ்சும் தோட்டாவின் காலிக் குப்பி வெளியே போகாமல் ஸ்லைடில் நிமிர்ந்து நின்றால், பெரும்பாலும் மணிக்கட்டு தளர்ந்ததுதான் காரணம். ஸ்லைடு பின்னால் போக எதிர்த்துத் தாங்கும் கை வேண்டும், சிறிய பிஸ்டலில் இது இன்னும் அவசியம். கையை இறுக்கியும் அதே சிக்கல் வந்தால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைச் சந்தேகியுங்கள். ஒரே மேகசினில் மட்டும் சிக்கினால் அந்த மேகசினில் குறி போட்டு ஒதுக்குங்கள்.

5 மீட்டரில் ஏ5 தாள் ஒன்று ஒட்டி, ஐந்து தோட்டா, 5 வினாடி. எல்லாம் தாளுக்குள் விழும் வரை அந்தத் துப்பாக்கியோடு வெளியே போக வேண்டாம்.

எடுக்கும் பயிற்சி வீட்டில், காலித் துப்பாக்கியோடு. தோட்டாக்கள் வேறு அறையில், கதவு சாத்தியிருக்கட்டும். கையை வாள்போல நீட்டி உள்ளே விடுங்கள். கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல் ஸ்லைடின் பின்முனையில் வையுங்கள். முஷ்டி ஒரு விரல் அளவு சுருங்கி, பாக்கெட் வாயில் சிக்காமல் வரும். ரிவால்வரிலும் பின்மேட்டில் அப்படியே. நேர் மேலே தூக்கி, பாக்கெட்டைத் தாண்டிய பிறகே குழலை முன்னால் திருப்பி, கட்டைவிரலை இறக்கிப் பிடியுங்கள். விசை விரல் அதுவரை விசையைத் தொடாமல் துப்பாக்கி உடலின் பக்கவாட்டில்.

இதை நாற்காலியில் உட்கார்ந்தும் ஒருமுறை செய்து பாருங்கள். முடியாது. காரில் இருக்கைப் பட்டியோடு சுத்தமாக முடியாது, மோட்டார் சைக்கிளிலும் அப்படியே. வீட்டுக் கேட்டைத் திறக்கக் காத்திருக்கும்போது பாக்கெட் துப்பாக்கி உங்களுக்கு உதவாது. பூட்டிய கதவும் ரிவர்ஸ் கியரும்தான் உதவும். மஸ்ஜித் இந்தியா கடைவரிசையில் ஷட்டரை இறக்கிவிட்டு அஞ்சடியில் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் பாக்கெட் சரி. கை ஏற்கனவே பாக்கெட்டில் இருக்கலாம், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. இடுப்பு உறைக்கு இல்லாத ஒரே பலம் இது.

வியர்வை, பஞ்சு, துரு

நம் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைச் சுற்றி. தொடையோடு ஒட்டிய துப்பாக்கிக்கு உப்பு வியர்வையும் சேரும். நீலமூட்டிய எஃகு ஒரு வாரத்தில் பழுப்புப் புள்ளி காட்டும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்பதும் துருப்பிடிக்கும், மெதுவாக. நைட்ரைடு பூச்சு உள்ளவைதான் இங்கே கொஞ்சம் நிம்மதி.

தினமும் இரவு உறையிலிருந்து எடுத்து, வெளிப்புறத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கழற்றி, ஸ்லைடு வழித்தடத்திலும் மேகசின் வாயிலும் சேர்ந்த பஞ்சைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். பஞ்சும் எண்ணெயும் கலந்தால் பசைபோலாகும். எனவே வழித்தடத்தில் ஒரு சொட்டுப் போதும், மேகசின் உள்ளே ஒன்றும் வேண்டாம். தோட்டா மேல் எண்ணெய் படக் கூடாது. அடியிலிருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஊறினால் ‘கிளிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வரும்.

தினமும் தோட்டாவை இறக்கி ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே தோட்டா திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் அடித்து ஏறும்போது அதன் முனை கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பிக்குள் இறங்கும். இறங்கினால் உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுமக்காதீர்கள், சுடவும் சுடாதீர்கள், வியாபாரியிடம் கேட்டு ஒப்படையுங்கள். ஏறும் தோட்டாவை ஒவ்வொரு முறையும் மாற்றிப் போட்டால் இது தாமதமாகும்.

வைக்கும் இடம் தரையில் திருகிப் பொருத்திய இரும்புப் பெட்டி. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறினால் மாற்றுங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரநீக்கி அலமாரி 40 முதல் 45 சதவீதத்தில் வைத்தால் அருமையாக வேலை செய்யும், ஆனால் அதன் கண்ணாடிக் கதவு பூட்டு ஆகாது. அதையும் பூட்டிய அறைக்குள்தான் வைக்க வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைப்பவர் பிள்ளைகளை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நாட்கள்

வேட்டி கட்டும் நாள், கோவில், பத்துமலைக் கூட்டம், தண்ணீர் போடும் விருந்து, மருத்துவமனை, நீதிமன்றம், விமான நிலையம். காருக்குள் விட்டுப் போவது இதற்கு மாற்று அல்ல; கார் கண்ணாடி உடைய ஒரு நொடி. மலேசிய லைசன்ஸ் மலேசிய எல்லையோடு முடிகிறது. ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறவர், பாடாங் பெசார் வழியாக ஹாட்யாய் போகிறவர், முந்தின இரவே சிலுவார் பாக்கெட், கார் கதவுப் பை, பயணப்பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சுடுதளத்திலிருந்து வந்த ஒரே ஒரு தோட்டா பையின் மூலையில் கிடந்தாலும் எல்லைச் சோதனையில் அது தோட்டாதான். சுடுதளத்துக்கு என்று தனிப் பை வைத்துக்கொண்டு, அதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இருப்பது எளிய வழி.